குடாநாட்டு வடிவமைப்பு நிலையங்களில் மென்பொருள் மந்தம்: காரணங்களும் கண்டறியும் முறையும்

கணினியில் படம் திருத்துவதற்கும் பக்கம் அமைப்பதற்கும் பதாகை வரைவதற்கும் பயன்படும் மென்பொருள்கள் மந்தமாக இயங்குகின்றன என்பது உலகெங்கும் கேட்கும் முறைப்பாடு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அச்சகங்களிலும் ஒளிப்பட நிலையங்களிலும் பதாகைக் கடைகளிலும் அம்முறைப்பாடு எழும்போது, றாம் எனப்படும் நினைவகத்தைக் கூட்டுவது அல்லது புதிய கணினி வாங்குவது என்பதே முதலில் முன்வைக்கப்படும் தீர்வாக இருக்கிறது. அது சில வேளைகளில் சரியான தீர்வுதான். ஆயினும் காரணத்தை அறியாமல் அதை மேற்கொண்டால் பணம் செலவாகும், மந்தமோ அப்படியே இருக்கும். மந்தத்தின் வேர் பெரும்பாலும் கோப்பு உருவாக்கப்பட்ட விதத்திலும், அதற்கு அடுத்தபடியாகக் கணினி இயங்கும் அறையின் மின்சாரத்திலும் வெப்பத்திலும் கிடக்கிறது என்பதும், உதிரிப்பாகம் வாங்குவது ஆய்வின் கடைசிப் படியாகவே இருக்கவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இத்தொழிலின் இயல்பை விளங்கிக்கொண்டாலே மந்தம் இங்கு ஏன் இவ்வளவு பாரதூரமானது என்பது புலப்படும். 1841இல் உதயதாரகை இதழையும் 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சுக்கூடத்தையும் கண்ட இக்குடாநாட்டில் அச்சுத்தொழில் எப்போதும் சடங்குகளின் நாட்காட்டியோடு பிணைந்தே வளர்ந்திருக்கிறது. இறந்தவரின் வாழ்க்கை வரலாறும் தேவாரங்களும் குடும்பப் படங்களும் அடங்கிய கல்வெட்டு எனப்படும் நினைவு மலர், அந்தியேட்டிக் கிரியை நிகழும் 31ஆம் நாளன்று வந்தவர்களின் கையில் கொடுக்கப்பட வேண்டும். அதற்குப் பிந்திய நாளில் அதற்கு இடமில்லை. கண்ணீர் அஞ்சலிப் பதாகை சில மணித்தியாலங்களுக்குள் கேட்கப்படுகிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவக் காலத்தில் வாழ்த்துப் பதாகைகளும் அறிவித்தல்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. திருமண, பூப்புனித நீராட்டு விழாப் படத்தொகுப்புகளைப் புலம்பெயர்ந்த உறவினர்கள் விமானம் ஏறுவதற்குமுன் எடுத்துச்செல்ல விரும்புகிறார்கள். இத்தகைய கெடுக்களுக்கு நடுவே, ஒரு கோப்பைச் சேமிக்க ஐந்து நிமிடம் எடுக்கும் கணினி வடிவமைப்பவரின் இரவுத் தூக்கத்தையே விலையாகக் கேட்கிறது.

மந்தம் என்ற ஒரே பெயரால் வழங்கப்படுபவை உண்மையில் பல வேறு நோய்கள். மென்பொருள் திறப்பதற்கு நேரமெடுப்பது ஒன்று. திறந்தபின் தூரிகையோ சுட்டியோ கையசைவுக்குப் பின்தங்குவது இன்னொன்று. சேமிக்கும்போதும் அச்சுக்கு அனுப்பும்போதும் மட்டும் திணறுவது மற்றொன்று. காலையில் விரைவாக இயங்கிப் பிற்பகலில் தளர்வது முற்றிலும் வேறானது. எந்த வேலையில், எந்தக் கோப்பில், எந்த நேரத்தில் மந்தம் தோன்றுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளாமல் செய்யப்படும் எந்தத் திருத்தமும் குருட்டு வைத்தியமே. ஒரு சிறிய வெற்றுக் கோப்பில் அதே வேலையைச் செய்துபார்த்தால் கோளாறு கோப்பிலா கணினியிலா என்பது பெரும்பாலும் முதல் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

அளந்து பார்ப்பதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் இயங்குதளத்தின் டாஸ்க் மனேஜர் என்னும் கண்காணிப்புப் பலகம், மந்தம் நிகழும் அந்தக் கணத்தில் புரொசெசர், நினைவகம், வன்தட்டு, வரைவியல் அட்டை ஆகிய நான்கில் எது முழு அளவில் உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. போட்டோஷொப்பில் சாளரத்தின் அடிப்பகுதியில் கோப்பளவு காட்டப்படும் இடத்தில் எஃபிசியன்சி என்ற விகிதத்தையும் தெரிவுசெய்து வைத்திருக்கலாம்: அது 100 வீதமாக இருக்கும்வரை வேலை முழுவதும் நினைவகத்துக்குள் நடைபெறுகிறது, அதற்குக் கீழே இறங்கினால், இடம் போதாமல் வன்தட்டின் ஒரு பகுதியைத் தற்காலிக நினைவகமாக மென்பொருள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவ்விகிதம் 100 வீதத்திலேயே நிற்கும் ஒரு கணினிக்கு மேலும் றாம் வாங்கிப் பொருத்துவதால் போட்டோஷொப் வேகமடையப்போவதில்லை. இந்த ஓர் எண்ணைப் பார்க்கும் பழக்கம் மட்டும் பரவியிருந்தால் பல நிலையங்களின் பணம் மிஞ்சியிருக்கும்.

கோப்பின் அளவைப் பற்றிய கணக்கே இவ்விடயத்தில் மிக விரிவாகப் பேசப்பட வேண்டியது. பிக்சல் என்பது படத்தின் மிகச் சிறிய புள்ளி. ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் அடங்குகின்றன என்பதே தெளிவுத்திறன். கையில் பிடித்துப் படிக்கும் அச்சுப் பக்கத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் தேவை என்பது தொழிலில் நிலைபெற்ற விதி. அவ்விதியைப் பதாகைக்கும் அப்படியே பிரயோகிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பத்து அடி அகலமும் எட்டு அடி உயரமும் உள்ள பதாகையை 300 பிக்சலில் உருவாக்கினால் அதன் பரிமாணம் 36,000க்கு 28,800 பிக்சல். நான்கு நிறத் தளங்கள் கொண்ட அச்சு நிறமுறையில் ஒரேயோர் அடுக்குக்கே ஏறத்தாழ 4.1 ஜிகாபைற் தேவைப்படும். போட்டோஷொப்பின் வழமையான பி.எஸ்.டி. வடிவம் ஒரு பக்கத்தில் 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது என்பதால், அந்தக் கோப்பு அவ்வடிவத்தில் சேமிக்கப்படவே முடியாதது. அதே பதாகையை 72 பிக்சலில் உருவாக்கினால் பரிமாணம் 8,640க்கு 6,912 ஆகச் சுருங்கி, ஓர் அடுக்கு 240 மெகாபைற்றுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 17 மடங்குக்கும் மேல். சந்தியில் கட்டப்பட்டு, வீதியின் மறுபக்கத்திலிருந்தும் வாகனத்திலிருந்தும் பார்க்கப்படும் பதாகையில் இவ்வேறுபாட்டை எந்தக் கண்ணும் உணராது.

கோப்பைப் பத்திலொரு பங்கு அளவில் அமைத்து, அச்சிடும்போது பெருப்பித்துக்கொள்வது இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் அங்குலங்கள் குறைவதனால் மட்டும் கணினியின் சுமை குறைவதில்லை. மொத்தப் பிக்சல் எண்ணிக்கையே சுமை. பத்திலொரு பங்கு அளவில் 720 பிக்சலில் அமைத்த கோப்பும் முழு அளவில் 72 பிக்சலில் அமைத்த கோப்பும் கணினிக்கு ஒன்றே.

படத்தொகுப்புகளில் இதே கணக்கு வேறு வடிவில் வருகிறது. 12க்கு 36 அங்குல விரிப்பு ஒன்று 300 பிக்சலில் 3,600க்கு 10,800 பிக்சல் ஆகும்; ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிற் என்ற முறையில் ஓர் அடுக்கு ஏறத்தாழ 117 மெகாபைற்றும், 16 பிற் முறையில் அதன் இரட்டிப்பும் பிடிக்கும். விரிப்பு முழுவதையும் மூடும் பதினைந்து அடுக்குகள் இருந்தால் 8 பிற்றிலேயே 1.7 ஜிகாபைற்றைத் தாண்டிவிடும். இறுதியில் அச்சுக்கூடத்துக்குச் செல்வது 8 பிற் ஜேபெக் கோப்பாக இருக்கும்போது, பக்க அமைப்பை 16 பிற்றில் செய்வதால் கிடைக்கும் பயன் சொற்பம். நிறத்தைத் தீவிரமாகத் திருத்தவேண்டிய தனிப்படங்களுக்கு மட்டும் அதை ஒதுக்குவதே தகும். ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் என்னும் முறையில் படங்களை இடும்போது மூலப்படம் முழுவதும் கோப்புக்குள் குடியேறுகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். 24 மெகாபிக்சல் கமராவில் எடுத்த படம் ஒன்று விரிக்கப்படும்போது 72 மெகாபைற் ஆகிறது. முத்திரை அளவில் மூலையில் தோன்றும் ஒரு படத்துக்காகவும் கணினி அவ்வளவையும் சுமக்கிறது. அளவு உறுதியானபின் அவ்வடுக்கைச் சாதாரண அடுக்காக மாற்றிவிட்டால் கோப்பு உடனே இலகுவாகும்.

கல்வெட்டுகளில் நேர்வது இன்னும் நுட்பமானது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பாதுகாக்கும் நல்லெண்ணத்தில் அதை 1,200 பிக்சலில், அதுவும் வர்ணமுறையில் ஸ்கான் செய்வது வழக்கம். நான்குக்கு ஆறு அங்குலப் படம் அப்போது மூன்றரைக் கோடிப் பிக்சல் அளவும் நூறு மெகாபைற்றுக்கு மேற்பட்ட கனமும் பெறுகிறது. பக்கத்தில் அது இரண்டு அங்குல அகலத்தில் அச்சாகும்போது தேவைப்படுவது அதன் 64இல் ஒரு பங்குப் பிக்சல்களே. வரைபு மென்பொருளான கோரல்ட்ரோ இயல்பாகவே படங்களைக் கோப்புக்குள் பதித்துக்கொள்வதால், இருபது படங்கள் சேர்ந்தவுடன் பக்கத்தைப் புரட்டுவதே பாடாகிவிடுகிறது. உயர்தர ஸ்கான் பிழையானது என்று இதற்குப் பொருளன்று. குடாநாட்டின் குடும்ப வரலாறுகளில் பெரும்பகுதி இந்த நினைவு மலர்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நூலகம் நிறுவனம் தன் எண்ணிம நூலகத்தில் அவற்றைத் தேடிச் சேர்ப்பதும் அதனாலேயே. ஆகவே மூல ஸ்கானைத் தனிக் கோப்புறையில் பேணிவைத்து, பக்கத்துக்குள் அளவு குறைத்த பிரதியை இடுவதே இரண்டு தேவைகளையும் நிறைவேற்றும் வழி. பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் படம் கோப்புக்கு வெளியே இருந்து இணைக்கப்படுவதால் பக்கம் இலகுவாகவே இருக்கும். ஆனால் கோப்பை வேறு கணினிக்கு எடுத்துச்செல்லும்போது படக் கோப்புறையையும் சேர்த்தே எடுத்துச்செல்ல வேண்டும்.

பிக்சலால் அன்றிக் கோடுகளாலும் வளைவுகளாலும் ஆன வெக்டர் வரைபுகளின் மந்தத்துக்குக் காரணம் வேறு. கோப்பு அளவில் சிறியதாக இருக்கும்போதே திரை உறைந்துபோவதுண்டு, ஏனெனில் அங்கு சுமையாவது கோடுகளை இணைக்கும் கணுக்களின் எண்ணிக்கை. மயில், தோரணம், கோபுரம், விநாயகர் முதலான உருவங்களைப் படத்திலிருந்து தன்னியக்கமாக வரைபாக மாற்றும்போது ஆயிரக்கணக்கான கணுக்கள் உருவாகின்றன. ஒவ்வொரு முறை பெருப்பிக்கும்போதும் நகர்த்தும்போதும் அவையனைத்தையும் கணினி மீண்டும் வரைகிறது. அதன்மேல் நிழலும் ஒளிபுகு தன்மையும் சேர்ந்தால் சுமை பன்மடங்காகிறது. கணுக்களைக் குறைத்தல், முடிந்த பின்னணியைப் படமாக மாற்றிவிடுதல், வேலை நடக்கும்போது கோட்டு வடிவக் காட்சிக்கு மாறுதல் ஆகிய மூன்றும் கோரல்ட்ரோவிலும் இலஸ்ரேற்றரிலும் உடனே பயன்தருபவை.

கோப்பு சீராக இருந்தும் எஃபிசியன்சி விகிதம் இறங்கினால்தான் நினைவகத்தின் முறை வருகிறது. போட்டோஷொப் இயல்பாகத் தனக்குக் கிடைக்கும் நினைவகத்தில் 70 வீதத்தை எடுத்துக்கொள்கிறது. பழைய படிகளை மீட்பதற்காக 50 நிலைகளை நினைவில் வைத்திருக்கிறது. பெரிய பதாகைகளில் அந்த எண்ணை 20 அளவுக்குக் குறைப்பது கணிசமான இடத்தை விடுவிக்கும். அடோபி நிறுவனம் போட்டோஷொப்புக்குக் குறைந்தபட்சம் 8 ஜிகாபைற்றும், உகந்த அளவாக 16 ஜிகாபைற்றும் கேட்கிறது. 32 பிற் விண்டோஸ் இன்னும் நிறுவப்பட்டிருக்கும் பழைய கணினிகளில் நான்கு ஜிகாபைற்றுக்கு மேல் பொருத்தியும் பயன் கிட்டாது. தற்காலிக நினைவகமாகப் பயன்படும் தட்டின் வேகமும் இங்கு தீர்மானகரமானது: சுழலும் வன்தட்டு விநாடிக்கு 100 முதல் 150 மெகாபைற் வரையும், சாற்றா இணைப்பிலுள்ள, சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 500 மெகாபைற்றும் கடத்துகின்றன. சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளைப் படிக்கும்போது இவ்வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. இன்றும் சுழலும் வன்தட்டிலிருந்தே விண்டோஸை இயக்கும் கணினிக்கு, வாங்குவதற்குரிய முதற்பொருள் எஸ்.எஸ்.டி.யே, றாம் இரண்டாவது. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவிலிருந்தபடியே கோப்பைத் திறந்து, அதிலேயே சேமித்துக்கொண்டு வேலை செய்யும் வழக்கம் எந்தக் கணினியையும் மந்தமாக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

மென்பொருள் நிறுவனங்களின் கையேடுகள் அநேகமாகத் தொடாமல் விடுவது மின்சாரத்தையும் வெப்பத்தையும். 1990இல் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட குடாநாடு, கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கான உயரழுத்த மின்வழி 2013இல் இயங்கத் தொடங்கியபின்னரே மீண்டும் அதனோடு உறுதியாக இணைந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில், மார்ச் மாத இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கோப்பு சிதைவது கண்கூடு. வன்தட்டிலும் அதன் கோப்பு அட்டவணையிலும் மெல்லச் சேரும் பழுதுகள் அவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை. பழுதான பகுதியைத் தட்டு மீண்டும் மீண்டும் படிக்க முயலும்போது மென்பொருள் அசைவற்று நிற்கிறது. பயன்படுத்துபவர் அதை மென்பொருளின் குறையாகக் கருதுகிறார். தட்டின் உடல்நிலையைத் தெரிவிக்கும் ஸ்மார்ட் அறிக்கையை இலவச மென்பொருள் ஒன்றின் மூலம் பார்த்துவிடுவது சில நிமிட வேலை. மின்னழுத்தத்தைச் சீராக்கும் வசதியுள்ள யூ.பி.எஸ். இருப்பது நன்று, எனினும் அதன் ஈய மின்கலத்தின் ஆயுள், 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பதால், இங்குள்ள வெப்பத்தில் உற்பத்தியாளர் கூறும் காலத்தை நம்பியிருக்க இயலாது.

பகல் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டுவது இங்கு வழமை. புரொசெசர் தனக்குரிய வெப்ப எல்லையை நெருங்கும்போது, எரிந்துபோகாமல் தன்னைக் காக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பல இன்டெல் புரொசெசர்களில் அவ்வெல்லை 100 பாகை. வலிகாமத்துச் செம்மண் தூசி விசிறிகளிலும் வெப்பம் கடத்தும் தகடுகளிலும் படிவதாலும், புரொசெசருக்கும் தகட்டுக்கும் இடையில் பூசப்பட்ட பசை ஆண்டுகள் செல்ல உலர்ந்துவிடுவதாலும் அந்த எல்லை விரைவில் எட்டப்படுகிறது. ஒரு மணித்தியாலம் உழைத்தபின் தோன்றி, சற்று ஓய்வுகொடுத்தால் மறையும் மந்தம் பெரும்பாலும் இதுவே. தூசி ஊதித் துடைத்துப் பசை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு றாம் துண்டின் விலையில் சிறு பங்குதான். குருநகர், பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று இணைப்பு முனைகளில் படலம் படியச் செய்வதும் உண்டு.

எழுத்துருக்களைப் பற்றி நிலவும் ஒரு கருத்தும் ஆராயத்தக்கது. யுனிகோட் தமிழ் வடிவமைப்பு மென்பொருளை மந்தமாக்குகிறது, பாமினி இலகுவானது என்பது அக்கருத்து. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருக்களை வைத்த எழுத்துரு என்பதால் மென்பொருள் அதை ஆங்கிலமாகவே கையாள்கிறது. யுனிகோட்டிலோ கொம்பும் காலும் சரியான இடத்தில் அமைய எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் ஒரு கூடுதல் வேலை நடைபெறுகிறது. அவ்வேலை இன்றைய புரொசெசருக்குப் பொருட்படுத்தத்தக்க சுமையன்று. பழைய பதிப்புகளில் கொம்பு இடம்மாறித் தோன்றியது ஆதரவின்மையின் விளைவு. அது வேகத்தைப் பற்றிய பிரச்சினையாகத் தவறாக நினைவில் தங்கிவிட்டது. உண்மையான சுமை எழுத்துருக்களின் தொகையில் இருக்கிறது. இருபது ஆண்டுகளாகச் சேர்த்த நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள், ஒரே பெயரில் பல பிரதிகளாகவும் சில பழுதுபட்டும், எல்லாம் ஒன்றாக நிறுவப்பட்டிருக்கும்போது மென்பொருள் திறப்பதும் எழுத்துருப் பட்டியல் விரிவதும் தாமதமாகின்றன. அன்றாடம் தேவையானவற்றை மட்டும் நிறுவி, ஏனையவற்றைக் கோப்புறையில் வைத்திருப்பது போதும். திறப்பதில் தாமதம் காட்டும் கோரல்ட்ரோவுக்கு இன்னொரு காரணம், அணைத்துவைக்கப்பட்ட வலையமைப்பு அச்சுப்பொறி ஒன்று இயல்புநிலை அச்சுப்பொறியாக இருப்பது. அதை மாற்றிப் பார்ப்பது அரை நிமிடச் சோதனை.

வரைவியல் அட்டையின் பங்கு சுருக்கமானது. பெருப்பித்தல், சுழற்றுதல், சில வடிகட்டிகள் ஆகியவை அதைச் சார்ந்தவை. பழைய இயக்கி மென்பொருளால் அவை தடுமாறுகின்றனவா என்பதை, போட்டோஷொப்பில் வரைவியல் புரொசெசர் வசதியைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்து அறியலாம். 2023இல் அறிமுகமான, சொல்லால் படத்தை நிரப்பும் வசதி அடோபி நிறுவனத்தின் வழங்கிகளில் இயங்குவதால், அதன் தாமதம் இணைய இணைப்புக்குரியது.

உரிமமற்ற பிரதிகளைப் பற்றிப் பேசாமல் இவ்வாய்வு நேர்மையாக முடியாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிகழ்ச்சிகளையும் பாதுகாக்கிறது. எனினும் உரிமம் பெற்ற மென்பொருள்களுக்கு டொலரில் அறவிடப்படும் மாதக் கட்டணம், 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியபின், சிறு நிலையங்களுக்கு எவ்வளவு பாரமானது என்பதை மறுக்கவும் முடியாது. பூட்டுடைத்த பிரதிகள் வைரஸ் தடுப்பை நிறுத்தும்படி கேட்டு, பின்னணியில் எண்ணிம நாணயம் அகழும் நிரல்களையும் கொண்டுவரக்கூடியவை. எந்த வேலையும் நடைபெறாதபோதே புரொசெசர் கடுமையாக உழைப்பதாக டாஸ்க் மனேஜர் காட்டினால் முதலில் ஐயுற வேண்டியது அவற்றையே. கட்டணமற்ற இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் ஆகியவை சட்டபூர்வமான மாற்றுகள். இங்க்ஸ்கேப்பில் யுனிகோட் தமிழ் பிழையின்றி அமைகிறது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவடைந்ததும், விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான இன்டெல் புரொசெசர்களை ஏற்காததும் பழைய கணினி வைத்திருப்போரை ஒரு தெரிவுக்குத் தள்ளியுள்ளன. கட்டணமற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு மாறினால் அக்கணினிகள் மேலும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடும்; ஆனால் ஆண்டுகளாகச் சேர்ந்த கோரல்ட்ரோ கோப்புகள் இங்க்ஸ்கேப்பில் பகுதியளவிலேயே சரியாகத் திறக்கும், பாமினியில் உள்ள வாசகங்கள் யுனிகோட்டுக்கு மாற்றப்பட வேண்டும். எல்லாவற்றையும் ஒருமிக்க மாற்ற முனைவதைவிட, ஆண்டுதோறும் திரும்பி வரும் கோயில் மகோற்சவ நிகழ்ச்சி நிரல்கள், அழைப்பிதழ் மாதிரிகள், கல்வெட்டுகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் திருமுறைப் பக்கங்கள் ஆகியவற்றை முதலில் மாற்றி, ஏனைய கோப்புகளைக் கேட்கப்படும்போது மாற்றிக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. அதுவரை பழைய மென்பொருளுள்ள ஒரு கணினியை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருந்தால், பழைய கோப்புகளைத் திறந்து பார்க்கவும் பீ.டீ.எஃப். ஆக வெளியெடுக்கவும் அது போதும்.